தொடையில் கொழுப்பு, ரத்தத்தில் லெப்டின் அதிகம்: கவலைப்பட வேண்டுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வயது 34, உயரம் 160 செ.மீ., எடை 59 கிலோ. நோய் எதுவும் இல்லை, மாத்திரை எடுப்பதில்லை, மாதவிடாய் தவறாமல் வருகிறது. எக்ஸ்-ரே மூலம் கொழுப்பை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் உடல் கொழுப்பு 33 சதவீதம். பெரும்பகுதி பிட்டத்திலும் தொடையிலும். வெறும் வயிற்றுச் சர்க்கரை 88, இன்சுலின் 6, ட்ரைகிளிசரைடு 85, 'நல்ல கொலஸ்ட்ரால்' எனப்படும் எச்டிஎல் 56. லெப்டின் மில்லிலிட்டருக்கு 18 நானோகிராம், அடிபோனெக்டின் 12 மைக்ரோகிராம். லெப்டினுக்கு நேரே 'அதிகம்' என்று போட்டிருக்கிறது. இது லெப்டின் எதிர்ப்பா, தொடைக் கொழுப்பைக் குறைத்தால் இறங்குமா என்பது கேள்வி.

இந்த எண்களில் கவலைப்பட ஒன்றுமில்லை. லெப்டின் 18 என்பது அந்த அளவு கொழுப்புள்ள ஆரோக்கியமான பெண்ணிடம் எதிர்பார்க்க வேண்டிய எண்தான். சர்க்கரையும் இன்சுலினும் ட்ரைகிளிசரைடும் இவ்வளவு நன்றாக இருப்பதில் அந்தத் தொடைக் கொழுப்புக்கும் பங்கு உண்டு. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பெண்கள் கண்ணாடி முன் நின்று எந்தக் கொழுப்பை வெறுக்கிறார்களோ, பெரும்பாலும் அதுதான் அவர்களுக்கு நல்லது செய்துகொண்டிருக்கிறது.

முதலில் லெப்டின். 1994-இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் கண்டுபிடித்த ஹார்மோன் இது. கொழுப்புச் செல்களே இதைச் சுரக்கின்றன. 'கையிருப்பு இவ்வளவு இருக்கிறது' என்று மூளையின் ஹைப்போதலாமஸுக்குத் தெரிவிப்பது இதன் வேலை. கொழுப்பு கூடினால் ரத்தத்தில் லெப்டின் கூடும், குறைந்தால் குறையும். பெரிய செல் சிறிய செல்லைவிட அதிகம் சுரக்கும். தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு, வயிற்றுக்குள் குடலைச் சுற்றியிருக்கும் உள்கொழுப்பைவிட அதிகம் சுரக்கும்.

பெண்களின் லெப்டின் ஆண்களைவிடப் பொதுவாக உயர்ந்திருப்பதற்கு இந்தக் கடைசி விஷயமும் காரணம். மொத்தக் கொழுப்பு சமமாக உள்ள ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் எடுத்துக்கொண்டாலும், பெண்ணின் லெப்டின் தெளிவாகவே கூடுதலாக இருக்கும். பெண்ணின் கொழுப்பில் தோலடிப் பங்கு அதிகம் என்பது ஒரு காரணம். ஈஸ்ட்ரோஜன் லெப்டின் சுரப்பைத் தூண்டுவதும், டெஸ்டோஸ்டிரோன் அடக்குவதும் இன்னொரு காரணம். ஆகவே அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, பக்கத்தில் அச்சான இயல்பு வரம்பு யாருக்கானது என்பதை. ஆண், பெண் எல்லாரையும் ஒன்றாகக் கலந்து போட்ட வரம்பாகவோ, மிக ஒல்லியானவர்களிடம் எடுத்த வரம்பாகவோ இருந்தால், நன்றாக இருக்கும் பெண்ணுக்கும் 'அதிகம்' என்றுதான் வரும். 59 கிலோவில் 33 சதவீதம் என்றால் ஏறத்தாழ 19.5 கிலோ கொழுப்பு. அதற்கு 18 பொருத்தமான அளவுதான்.

இதோடு, லெப்டின் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதுமில்லை. நள்ளிரவிலிருந்து அதிகாலைக்குள் உச்சத்தைத் தொட்டு, பகல் நேரத்தில் தாழ்ந்துவிடும். மாதவிடாய்ச் சுழற்சியின் பின்பாதியில், அதாவது கருமுட்டை வெளியான பிறகு, முன்பாதியைவிடச் சற்று உயரும். ஓரிரு நாள் முழுப்பட்டினி கிடந்தால் கொழுப்பு கொஞ்சம்தான் கரைந்திருக்கும், ஆனால் லெப்டின் மடமடவென்று சரிந்துவிடும். ஒரு தடவை எடுத்த எண்ணை வைத்து 'லெப்டின் எதிர்ப்பு' என்று முத்திரை குத்த முடியாது. அந்தச் சொல்லுக்கு ஏற்கப்பட்ட ரத்த எல்லை எதுவும் கிடையாது. லெப்டின் நிறைய இருந்தும் பசி அடங்காத பருமனான உடலின் நிலையை விளக்க ஆய்வாளர்கள் பயன்படுத்தும் கருத்து அது. பரிசோதனைக் கூடம் தரும் நோய்ப்பெயராக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. கொழுப்பே இல்லாமல் பிறக்கும் அரிய நோயான முழு லிப்போடிஸ்ட்ரோஃபியில் லெப்டின் மிகக் குறைவாக இருக்கும். அங்கே லெப்டினை ஊசியாகப் போட்டால் சர்க்கரையும் ட்ரைகிளிசரைடும் நன்றாக இறங்கும். 2014-இல் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. சாதாரணப் பருமனில் அதே ஊசியால் பெரிய பலன் இல்லை. குறைவைச் சொல்லும்போதுதான் இந்த ஹார்மோனின் குரல் உரக்கக் கேட்கும்.

அடிபோனெக்டின் வேறு மாதிரி. இதையும் கொழுப்புச் செல்தான் சுரக்கிறது, ஆனால் கொழுப்பு கூடக் கூட இது குறைகிறது. லெப்டினை நானோகிராமில் அளக்கிறோம், இதை மைக்ரோகிராமில். ஆயிரம் மடங்கு வித்தியாசம். கல்லீரல் தன் இஷ்டத்துக்குச் சர்க்கரை தயாரிப்பதை இது தடுக்கும், தசை கொழுப்பை எரிக்க உதவும், இன்சுலினுக்கு உடல் ஒத்துழைப்பதைக் கூட்டும். செல் அளவுக்கு மீறி உப்பும்போதும், குடலைச் சுற்றிக் கொழுப்பு சேரும்போதும், கல்லீரலில் கொழுப்பு படியும்போதும் சரியும். பெண்களுக்கு ஆண்களைவிட இயல்பாகவே அதிகம். டெஸ்டோஸ்டிரோன் இதன் வீரியமான பெருமூலக்கூறு வடிவத்தை அடக்கிவைப்பது முக்கியக் காரணம். உங்கள் 12 மைக்ரோகிராம் நிம்மதி தரும் எண். கொழுப்பு எவ்வளவு என்பதை லெப்டின் சொல்கிறது, அது எங்கே எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு அடிபோனெக்டின் நெருக்கமாக வருகிறது. லெப்டின் சற்று உயர்வு, அடிபோனெக்டினும் நல்ல உயர்வு என்ற சேர்க்கை, தோலடிக் கொழுப்பு தாராளமாகவும் உள்கொழுப்பு குறைவாகவும் உள்ள பெண்ணின் அடையாளம்.

இடம் முக்கியம் என்று முதலில் ஊன்றிச் சொன்னவர் மார்செய் நகர மருத்துவர் ழான் வாக். 1947-இல் அவர் பருமனை ஆண்வகை, பெண்வகை என்று பிரித்தார். மேலுடலில் சேர்வது முதல் வகை, தொடை பிட்டத்தில் சேர்வது இரண்டாவது. நீரிழிவும் ரத்தக்குழாய் நோயும் முதல் வகையோடுதான் ஒட்டிவருகின்றன என்றும் அவர் காட்டினார். பிறகு வந்த ஸ்கேன்கள் அதை உறுதிசெய்தன. மாதவிடாய் நிற்காத பெண்ணின் மொத்தக் கொழுப்பில் வயிற்றறைக்குள் இருப்பது சுமார் 5 முதல் 8 சதவீதம்தான். ஆண்களிடம் 10 முதல் 20 சதவீதம்.

தொடைக் கொழுப்பு ஏன் இவ்வளவு சாது? கொழுப்புச் செல்லின் மேல் அட்ரினலினுக்கு இரண்டு வகைப் பிடிமானங்கள் உண்டு. பீட்டா ஏற்பிகள் 'கொழுப்பை வெளியே விடு' என்கின்றன, ஆல்ஃபா-2 ஏற்பிகள் 'பிடித்துவை' என்கின்றன. பெண்ணின் தொடையிலும் பிட்டத்திலும் ஆல்ஃபா-2 கை ஓங்கியிருக்கும், வயிற்றுப் பகுதியில் பீட்டா. போதாததற்கு, ரத்தத்தில் மிதக்கும் கொழுப்பைச் செல்லுக்குள் இழுக்கும் லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதியும் கருவுறும் வயதுப் பெண்களின் தொடையில் சுறுசுறுப்பாக இயங்கும். உள்ளே இழுக்கும் வேகம் அதிகம், வெளியே விடும் வேகம் குறைவு. சாப்பாட்டுக்குப் பின் ரத்தத்தில் ஏறும் கொழுப்பு தசையிலும் கல்லீரலிலும் போய் ஒட்டுவதற்கு முன் இங்கே பத்திரமாக அடைக்கப்படுகிறது. உணவுக் கட்டுப்பாட்டில் இருக்கும்போது முகமும் வயிறும் மார்பும் இளைத்த பிறகும் தொடை மட்டும் அப்படியே நிற்பது இதனால்தான். முயற்சியில் ஏதோ குறை என்று தங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ளும் பெண்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

செல்கள் வளரும் விதமும் வேறு. ஆரோக்கியமானவர்களுக்கு 8 வாரம் வேண்டுமென்றே கூடுதலாக உணவு கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2010-இல் வந்தது. வயிற்றுத் தோலடியில் இருந்த செல்கள் பெரிதாகின. கீழுடலிலோ புதிய செல்கள் பிறந்தன, 1.6 கிலோ கொழுப்பு கூடியதற்குச் சுமார் 260 கோடி புதிய செல்கள். சிறிய புதிய செல் நிறைய இடம் தரும், இன்சுலினுக்குக் கீழ்ப்படியும், அடிபோனெக்டினை நன்றாகச் சுரக்கும். உப்பிப்போன பழைய செல்லுக்குப் பிராணவாயு சரியாகப் போய்ச் சேராது. அங்கே நோயெதிர்ப்புச் செல்கள் வந்து குவிந்து அழற்சி தொடங்கும், கொழுப்பும் கசியத் தொடங்கும்.

கீழுடல் கொழுப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இயற்கையே ஒரு சோதனை வைத்திருக்கிறது. எல்எம்என்ஏ மரபணுவில் ஏற்படும் ஒரு பிழையால் வரும் பகுதி லிப்போடிஸ்ட்ரோஃபி என்ற நோயில், பருவமடையும் வயதையொட்டிக் கை, கால், பிட்டத்துக் கொழுப்பு மறைந்துபோகும். தொடைகள் விளையாட்டு வீராங்கனையின் தொடைபோல இறுகித் தெரியும். அந்தப் பெண்களுக்குத்தான் கடுமையான இன்சுலின் எதிர்ப்பு, மிக உயர்ந்த ட்ரைகிளிசரைடு, கொழுப்பேறிய கல்லீரல், இளவயதில் நீரிழிவு எல்லாம் வருகின்றன. மறுபக்கம் பயோகிளிட்டசோன் என்ற நீரிழிவு மருந்து. இதை எடுப்பவர்களுக்குத் தோலடிக் கொழுப்பு கூடி எடை ஏறும், ஆனால் அடிபோனெக்டின் உயரும், கல்லீரல் கொழுப்பு குறையும், இன்சுலின் நன்றாக வேலை செய்யும்.

மூன்றாவது சான்று 2004-இல் வந்தது. பருமனான 15 பெண்களுக்கு வயிற்றுத் தோலடிக் கொழுப்பை ஏறத்தாழ 10 கிலோ உறிஞ்சி எடுத்தார்கள். இரண்டரை மாதம் கழித்துப் பார்த்தபோது இன்சுலின் எதிர்ப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, அடிபோனெக்டின் எதுவும் குறிப்பிடத்தக்க அளவில் மாறவில்லை. உணவும் உடற்பயிற்சியும் வழியாக இதில் பாதிக்கும் குறைவாக எடை குறைத்தாலே இந்த எண்கள் அசையும். கல்லீரலிலும் வயிற்றறையிலும் உள்ள கொழுப்பைக் குழாய் போட்டு உறிஞ்ச முடியாது. அது ஆற்றல் பற்றாக்குறையால்தான் கரையும்.

பரவலாகச் சொல்லப்படும் ஒரு விளக்கத்தைத் திருத்திக்கொள்வது நல்லது. உள்கொழுப்பின் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குப் போகிறது, அதனால்தான் அது ஆபத்து என்பார்கள். பாதை உண்மைதான். ஆனால் ஒல்லியானவர்களிடம் கல்லீரலுக்கு வரும் கொழுப்பமிலத்தில் 5 முதல் 10 சதவீதமே உள்கொழுப்பிலிருந்து வருகிறது. பருமனானவர்களிடம் 20 முதல் 25 சதவீதம். மீதியில் பெரும்பங்கு மேலுடலின் தோலடிக் கொழுப்பிலிருந்து பொது ரத்த ஓட்டத்தில் கலந்து வருவது. அதனால் உள்கொழுப்பை நான் பல நேரங்களில் ஒரு சாட்சியாகவே பார்க்கிறேன். தோலடிக் கிடங்கு நிரம்பிவிட்டது, இனி வரும் சரக்குக்கு இடமில்லை என்பதைத்தான் அது சொல்கிறது. யாருடைய கிடங்கு சிறியதோ அவருக்கு மொத்த எடை குறைவாக இருக்கும்போதே அது நிரம்பிவிடும். தெற்காசிய வம்சாவளியினருக்கு ஒல்லியாக இருந்தும் நீரிழிவு வருவதற்கு இதுவும் ஒரு விளக்கம்.

இன்சுலினுக்கு வருவோம். சாப்பிட்டவுடன் ஏறும் இன்சுலின் கொழுப்புச் செல்லிடம் 'கதவை மூடு' என்கிறது. ஆரோக்கியமான பெண்ணிடம் இந்தக் கட்டளைக்கு மிகச் சிறிய அளவு இன்சுலினே போதும். செல்கள் கேட்க மறுத்தால் உணவுக்குப் பிறகும் கொழுப்பமிலம் கசிந்துகொண்டே இருக்கும், கல்லீரலில் படியும், கல்லீரல் அதை ட்ரைகிளிசரைடாகக் கட்டி ரத்தத்தில் விடும், சர்க்கரையைச் சமாளிக்கக் கணையம் இன்னும் இன்சுலின் சுரக்கும். இதெல்லாம் நடக்கும்போது எஸ்ஹெச்பிஜி என்ற புரதத்தைக் கல்லீரல் குறைத்துவிடும். டெஸ்டோஸ்டிரோனைக் கட்டிப்பிடித்து வைத்திருப்பது அந்தப் புரதம்தான். அது குறைந்தால் கட்டற்ற டெஸ்டோஸ்டிரோன் கூடும், கொழுப்பு இன்னும் வயிற்றுப் பக்கம் சாயும். வட்டம் முழுமையாகிவிடுகிறது. லெப்டினுக்குச் செலவழிக்கும் பணத்தில் எஸ்ஹெச்பிஜி பார்ப்பது பல பெண்களுக்குப் பயனுள்ளது என்பது என் கருத்து. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை எடுத்தால் இது செயற்கையாக உயரும், தைராய்டு அதிகமானால் உயரும், குறைந்தால் தாழும்.

மன அழுத்த ஹார்மோன் எனப்படும் கார்ட்டிசாலைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். உள்கொழுப்பில் அதற்கான ஏற்பிகள் அதிகம், கார்ட்டிசால் மிகையாகும் குஷிங் நோயில் கொழுப்பு நடுவுடலில் குவியும் என்பதெல்லாம் சரி. ஆனால் ஆரோக்கியமான பெண்ணின் வயிற்றுக்கு 'மன அழுத்தக் கார்ட்டிசால்' ஒன்றே காரணம் என்று சொல்லி மாத்திரை விற்பதற்கு ஆதாரம் இல்லை. இரைப்பையில் சுரக்கும் கிரெலின் பசியைத் தூண்டும். எடை குறைத்தால் அது ஏறும் என்பதை மட்டும் அறிந்திருந்தால் போதும்.

பெண்ணுடலில் இந்த வரைபடம் ஒரே மாதிரி நிற்பதில்லை. பருவமடையும்போது ஈஸ்ட்ரோஜன் கொழுப்பைக் கீழே அனுப்புகிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இன்சுலினுக்கு உடல் ஒத்துழைப்பது ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. குழந்தைக்குச் சர்க்கரை போய்ச்சேர உடலே செய்துகொள்ளும் ஏற்பாடு அது. பாலூட்டும் மாதங்களில் பிடிவாதமான தொடைக் கொழுப்பும் இளகுகிறது: உள்ளே இழுக்கும் நொதி அடங்கி, வெளியே விடும் வேகம் கூடுகிறது. அந்தச் சேமிப்பு எதற்காக என்பது அப்போது விளங்கும். பிறகு மாதவிடாய் நிற்கும் காலம். அமெரிக்காவில் 1990-களின் நடுவில் தொடங்கி ஆயிரக்கணக்கான பெண்களை ஆண்டுதோறும் பின்தொடர்ந்த ஸ்வான் ஆய்வில், கடைசி மாதவிடாய்க்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டு முன்பே கொழுப்பு சேரும் வேகம் இரட்டிப்பானது, தசையுள்ள எடை குறையத் தொடங்கியது. கடைசி மாதவிடாய்க்குப் பின் சுமார் இரண்டு ஆண்டு வரை இது நீடித்தது. ஒன்று கூடி ஒன்று குறைவதால் எடை இயந்திரத்தில் தனியான தாவல் தெரியவில்லை. அளவு நாடாவில்தான் தெரியும்.

இப்போது உண்மையில் என்னைக் கவலைப்பட வைக்கும் பகுதி. தொடையைக் குறைக்க வேண்டும் என்று நீங்கள் ஒரு நாளைக்கு 1,200 கலோரி மட்டும் சாப்பிட்டு, 400 கலோரி உடற்பயிற்சியில் செலவழிப்பதாக வைத்துக்கொள்வோம். கொழுப்பு நீங்கிய உங்கள் எடை 39.5 கிலோ. 1,200-இல் 400 போக மீதி 800, அதை 39.5-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 20 கலோரி. உடலின் அன்றாட வேலைகளுக்கு எஞ்சும் ஆற்றல் இதுதான். இளம் பெண்களிடம் கிலோவுக்கு 30-க்குக் கீழே இறக்கியபோது, ஐந்தே நாளில், மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து விட்டுவிட்டு வரும், கருமுட்டையை வெளிவரச் செய்யும் எல்எச் ஹார்மோன் துடிப்புகளின் ஒழுங்கு கெட்டது. எடை பெரிதாகக் குறையும் முன்பே லெப்டின் இறங்கும், தைராய்டின் டி3 இறங்கும், கொஞ்ச காலத்தில் கருமுட்டை வெளிவருவது நிற்கும், மாதவிடாய் தள்ளிப்போகும், எலும்பு வலுவிழக்கும். இப்படி மாதவிடாய் நின்ற சில பெண்களுக்கு லெப்டின் கொடுத்தபோது கருமுட்டை வளர்ச்சி திரும்பியது என்று 2004-இல் ஓர் ஆய்வு காட்டியது. கையிருப்புச் செய்தி எவ்வளவு அவசியம் என்பதற்கு அதுவே போதும். '22 சதவீதக் கொழுப்பு இருந்தால் மாதவிடாய் தொடரும்' என்ற பழைய எல்லைக்கணக்கை இப்போது யாரும் நேரடியாக எடுத்துக்கொள்வதில்லை. சதவீதத்தைவிட அன்றாடம் மிஞ்சும் ஆற்றலே தீர்மானிக்கிறது. லெப்டினை இறக்குவதை ஓர் இலக்காக வைப்பது இதனால்தான் தவறான பாதை.

இனி அளப்பது. தமிழில் இடை, பிட்டம் இரண்டையும் 'இடுப்பு' என்றே சொல்லிவிடுகிறோம், குழப்பம் அங்கேயே ஆரம்பிக்கிறது. இடைச் சுற்றளவுக்கு: நேராக நின்று, பக்கவாட்டில் விரலால் தொட்டுக் கடைசி விலா எலும்பின் கீழ் ஓரத்தையும், இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் கண்டுபிடியுங்கள். இரண்டுக்கும் நடுவே நாடாவைத் தரைக்கு இணையாகச் சுற்றுங்கள். வயிற்றை எக்காமல், சாதாரணமாக மூச்சை விட்டு முடிக்கும் நேரத்தில் படியுங்கள். நாடா தோலை அழுத்தக் கூடாது, ஆடைக்கு மேலும் வேண்டாம். இரண்டு தடவை எடுத்து, ஒரு செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி எடுங்கள். தொப்புளில் அளப்பது பெரிய தவறு. பல பெண்களுக்குத் தொப்புள் நடுக்கோட்டுக்குக் கீழே இருப்பதால் சில செ.மீ. கூடுதலாகக் காட்டும். பிட்டச் சுற்றளவுக்குப் பின்புறம் மிக அகன்ற இடம். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் நீர் தேங்கி வயிறு உப்பும், ஆகவே மாதவிடாய் முடிந்த வாரத்தில், காலையில் அளந்தால் மாதத்துக்கு மாதம் ஒப்பிடலாம்.

எல்லைகள்: பெண்களுக்கு இடை 80 செ.மீ.க்கு மேல் போனால் கவனம், 88-க்கு மேல் அபாயம் கணிசம். இடையைப் பிட்டத்தால் வகுத்தால் 0.85-க்குக் கீழே இருக்க வேண்டும். இடை, உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. உதாரணமாக உங்கள் இடை 74, பிட்டம் 98 என்று வந்தால் விகிதம் 0.76, உயரத்தோடு 0.46. இரண்டும் நல்ல இடத்தில் இருக்கின்றன.

டெக்ஸா நம்பகமானது, ஆனால் ஒரு கருவியின் எண்ணை இன்னொரு நிறுவனக் கருவியின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். ஒன்றிரண்டு சதவீத மாற்றம் அளவைப் பிழையாகவே இருக்கலாம். வீட்டில் வெறுங்காலோடு ஏறி நிற்கும் கொழுப்பு எடைக்கருவி ஒரு காலில் ஏற்றிய மின்சாரத்தை மறுகால் வழியே வாங்குகிறது. அது வயிற்றுப் பகுதியை உண்மையில் பார்ப்பதே இல்லை. அது காட்டும் 'உள்கொழுப்பு எண்' வயது, உயரம், எடையை வைத்துப் போட்ட கணக்கு.

ரத்தம் கொடுக்கும்போது 8 முதல் 12 மணி நேரம் வெறும் வயிறு, மாதவிடாயின் 2 முதல் 5-ஆம் நாளுக்குள், காலையில் ஒரே நேரம், முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி இல்லாமல். சர்க்கரையையும் இன்சுலினையும் ஒரே குத்தலில் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டையும் பெருக்கி 405-ஆல் வகுத்தால் இன்சுலின் எதிர்ப்பைக் கணிக்கும் ஹோமா எண்: 88 பெருக்கல் 6 வகுத்தல் 405, அதாவது 1.3. பல இடங்களில் 2.5-ஐ ஒட்டி எல்லை வைக்கிறார்கள், நீங்கள் அதற்கு வெகு கீழே. ட்ரைகிளிசரைடு 150-க்குக் கீழே, எச்டிஎல் 50-க்கு மேல் என்பதும் பெண்களுக்கான எல்லை, இரண்டிலும் தேர்ந்திருக்கிறீர்கள். மாதிரியில் சிவப்பணு உடைந்திருந்தால் அதிலிருந்து வரும் நொதி இன்சுலினைச் சிதைத்துக் குறைவாகக் காட்டும். அறிக்கையில் 'ஹீமோலைஸ்டு' என்று இருந்தால் திரும்ப எடுங்கள். முடி வளரவென்று பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் மறக்காமல் சொல்ல வேண்டும். பல ஹார்மோன் பரிசோதனைகளை அது திசைமாற்றிவிடும், சிலவற்றைத் தாழ்த்தியும் சிலவற்றை உயர்த்தியும் காட்டும். மருத்துவரிடம் கேட்டு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துவது வழக்கம்.

தொடையை மட்டும் குறைக்க முடியுமா என்றால், முடியாது. டென்னிஸ் வீரர்களின் இரு கைகளையும் 1971-இல் அளந்தார்கள். ஆண்டுக்கணக்கில் உழைத்த கையிலும் தோலடிக் கொழுப்பின் தடிமன் மறுகையைவிடக் குறையவில்லை. எங்கே சேரும் என்பதில் மரபணுவின் பங்கும் பெரிது. இடை-பிட்ட விகிதத்தோடு தொடர்புள்ள 49 மரபணு இடங்களை 2015-இல் ஒரு பன்னாட்டு ஆய்வு பட்டியலிட்டது. ஆண் பெண் வித்தியாசம் காட்டிய 20-இல் 19 இடங்களின் தாக்கம் பெண்களிடமே வலுவாக இருந்தது. நம் கையில் இருப்பது உள்கொழுப்பை ஏறவிடாமல் வைப்பது. வாரம் 150 முதல் 300 நிமிடம் மூச்சு வாங்கும் அளவு நடை அல்லது அதுபோன்ற பயிற்சி, வாரம் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி. எடை குறையாவிட்டாலும் உள்கொழுப்பு குறைவதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. கூடுதல் எடை உள்ளவர்கள் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே உள்கொழுப்பு அதைவிடப் பெரிய பங்கில் இறங்கும். உங்கள் எண்களுக்கு எடை குறைப்பே தேவையில்லை. இடையை மாதம் ஒருமுறை குறித்துவையுங்கள், ரத்தப் பரிசோதனை ஆண்டுக்கு ஒருமுறை போதும், லெப்டினைத் திரும்ப எடுக்க வேண்டாம்.

விதிவிலக்காக மருத்துவரிடம் காட்ட வேண்டிய தொடைக் கொழுப்பு ஒன்று உண்டு, லிப்பெடிமா. இரு கால்களும் ஒரே அளவில் தடிக்கும், பாதம் மட்டும் மெலிந்தே இருக்கும், கணுக்காலுக்கு மேல் வளையம் போட்டதுபோல நின்றுவிடும். லேசாக அழுத்தினாலே வலிக்கும், காரணம் தெரியாமல் அடிக்கடி கன்றிப்போகும், எடை குறைத்தாலும் கால் மட்டும் குறையாது. பருவமடைதல், கர்ப்பம், மாதவிடாய் நிற்றல் ஆகிய காலங்களில்தான் பெரும்பாலும் தொடங்கும். வலி இல்லை, கன்றல் இல்லை, தொடையிலிருந்து கணுக்கால் வரை வடிவம் இயல்பாகச் சரிகிறது என்றால் உங்களுக்கு இருப்பது அதுவல்ல.